ஆர்.பி.என்.னா, ஆர்.என்.னா? ஒன்ராறியோவில் நேர்சிங் படிக்க யோசிப்பவர்களுக்கு

ஒரே கிழமையில் இரண்டு பேர் ஒரே கேள்வியோடு என்னிடம் வந்தார்கள். ஒருத்தி என் பெறாமகள், பன்னிரண்டாம் வகுப்பு. “சின்னம்மா, ரெண்டு வருசப் படிப்போ, நாலு வருசப் படிப்போ?” என்றாள். மற்றவர் என்னோடு வேலை செய்கிற பி.எஸ்.டபிள்யூ (குளிப்பாட்டி, உடுத்தி, சாப்பாடு கொடுத்துப் பராமரிக்கும் உதவியாளர்), வயது முப்பத்துநாலு, இரண்டு பிள்ளைகள். “அக்கா, எனக்கு எது சரிவரும்?” என்று கேட்டார். இருவருக்கும் நான் சொன்னது ஒரே பதில் இல்லை. ஏன் என்பதைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். நான் ஆர்.பி.என். ஆகத் தொடங்கி, பிரிட்ஜிங் (ஆர்.பி.என்.கள் ஆர்.என். ஆவதற்கான இணைப்புப் படிப்பு) படித்து ஆர்.என். ஆனவள். இடையிடையே என் புலம்பலும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீருங்கள்

ஆர்.என். என்றால் ரெஜிஸ்டர்ட் நேர்ஸ். ஒன்ராறியோவில் ஆர்.பி.என். என்றால் ரெஜிஸ்டர்ட் பிராக்டிகல் நேர்ஸ். கனடாவின் மற்ற மாகாணங்கள் பெரும்பாலும் இதே வேலையை எல்.பி.என். என்கின்றன. பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் அல்பேர்ட்டாவிலும் ஆர்.பி.என். என்றால் மனநல நேர்ஸ், அது வேறு படிப்பு. கல்கரியில் இருக்கிற மச்சாளிடம் ஆலோசனை கேட்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஆர்.பி.என். ஆக இரண்டு வருடக் கல்லூரி டிப்ளமா வேண்டும். ஆர்.என். ஆக நான்கு வருட டிகிரி வேண்டும். 2005இலிருந்து புதிதாக ஆர்.என். ஆகிறவர்களுக்கு டிகிரி கட்டாயம். அதற்கு முன் டிப்ளமாவோடு ஆர்.என். ஆன அன்ரிமார் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். “எங்கட காலத்தில டிகிரி எல்லாம் இல்லை” என்று அவர்கள் சொல்வது உண்மைதான், ஆனால் உங்களுக்கு உதவாது.

இரண்டு வகையினருக்கும் பதிவு கொடுப்பது ‘கொலிஜ் ஒஃப் நேர்சஸ் ஒஃப் ஒன்ராறியோ’. பெயரில் கொலிஜ் இருந்தாலும் அங்கே யாரும் படிப்பதில்லை. அது தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பு. இலங்கையிலோ இந்தியாவிலோ ஏற்கெனவே நேர்ஸாக இருந்தவர்கள், எந்தக் கல்லூரியிலும் பணம் கட்டுவதற்கு முன் உங்கள் பழைய தகுதியை இந்த அமைப்பிடம் மதிப்பிடக் கொடுங்கள். கையில் டிகிரியை வைத்துக்கொண்டு முதலாம் செமஸ்டரிலிருந்து தொடங்கியவர்களை எனக்குத் தெரியும்.

படி 2: எந்த மாதிரி நோயாளியோடு இருக்க ஆசை என்று பாருங்கள்

“ஆர்.பி.என். என்றால் ஆர்.என்.னுக்கு உதவியாள்” என்று நம் ஆட்கள் சாதாரணமாகச் சொல்வார்கள். அது பிழை. இருவரும் ஒரே பாடங்களைத்தான் படிக்கிறார்கள், ஆர்.என். கூடக் காலம், கூட ஆழமாகப் படிக்கிறார். யாரிடம் எந்த நோயாளி என்பதை முடிவு செய்யும்போது மூன்று விசயங்களைப் பார்க்கிறார்கள்: நோயாளியின் நிலை, நேர்ஸின் அறிவும் அனுபவமும், வேலை நடக்கிற சூழல். நிலைமை எவ்வளவு சிக்கலாக இருக்கிறதோ, அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிப்பது எவ்வளவு கடினமோ, அந்த அளவுக்கு ஆர்.என்.னின் தேவை கூடும்.

இரவு ஷிப்ட் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். எண்பது தாண்டிய ஐயா, நியூமோனியா, மூன்றாம் நாள். காய்ச்சல் இறங்கிவிட்டது, குளிசையை வாயால் எடுக்கிறார், ஒக்சிஜன் அளவு 94. அவர் ஆர்.பி.என்.னின் நோயாளி. இரவு இரண்டு மணிக்கு ஐயா போர்வையை உதைத்துத் தள்ளிக்கொண்டு, இல்லாத ஒருவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். ஆர்.பி.என். மூச்சை எண்ணுகிறார்: நிமிடத்துக்கு 18 ஆக இருந்தது 30. ஒக்சிஜன் 86. பிரஷரும் இறங்கியிருக்கிறது. உடனே ஆர்.என்.னைக் கூப்பிடுகிறார், இருவரும் கட்டிலருகில் நின்று பேசுகிறார்கள், டொக்டருக்கு அழைப்புப் போகிறது. அந்த நிமிடத்திலிருந்து ஐயா பெரும்பாலும் ஆர்.என்.னின் நோயாளி. ஆனால் அதைக் கண்டுபிடித்தது யார்? ஆர்.பி.என். அவர் மூச்சை எண்ணாமல் விட்டிருந்தால் மிச்சக் கதையே இல்லை.

ஐ.சி.யூ., அவசர சிகிச்சைப் பிரிவு போன்றவற்றில் ஆர்.என்.களே பெரும்பான்மை. முதியோர் இல்லம், டயாலிசிஸ், வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் வேலை, மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவு ஆகியவற்றில் ஆர்.பி.என்.களுக்கு நல்ல இடம் உண்டு. முதியோர் இல்லத்தில் எந்நேரமும் ஒரு ஆர்.என். ஆவது இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் ஒரு பகுதியில் உள்ள முப்பது பேருக்குக் காலை மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது பெரும்பாலும் ஆர்.பி.என்.தான். யாருடைய குளிசையை நசுக்கி அப்பிள் சோஸில் கலக்க வேண்டும், யார் வாயில் ஒளித்துவைத்துப் பிறகு துப்புவார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

ஒரு சின்ன வேலை செய்யுங்கள். வேலைவாய்ப்புத் தளங்களில் ஆர்.பி.என். விளம்பரம் பத்தும் ஆர்.என். விளம்பரம் பத்தும் திறந்து, மூன்றே விசயங்களை ஒரு கொப்பியில் எழுதுங்கள்: எந்தப் பிரிவு, நிரந்தரமா கஷுவலா, மணிச்சம்பளம் எவ்வளவு. யாரிடமும் கேட்காமலே பாதிச் சந்தேகம் தீரும். சம்பள வித்தியாசம் சின்னதில்லை என்பதும் தெரியும்.

படி 3: வருடங்களைக் கூட்டுங்கள்

எல்லோரும் தடுக்கி விழுவது இங்கேதான். “முதலில் ரெண்டு வருசம் படிச்சு ஆர்.பி.என். ஆகிறன், பிறகு பிரிட்ஜிங் செய்து ஆர்.என். ஆகிறன், ரெண்டும் ரெண்டும் நாலு” என்று கணக்குப் போடுவார்கள். நானும் அப்படித்தான் போட்டேன். கணக்கு அப்படி வராது. டிப்ளமாவுக்கு முழு நான்கு செமஸ்டர் கழித்துத் தரமாட்டார்கள். பல பிரிட்ஜிங் படிப்புகள் முழுநேரமாகவே மூன்று வருடம் அளவில் போகும். இடம் கிடைக்கும்வரை காத்திருப்பு வேறு. எனக்கு மொத்தம் ஏழு வருடம் எடுத்தது. அதில் இரண்டு, இரவு ஷிப்ட் முடித்துக் காரிலேயே தூங்கி வகுப்புக்குப் போன வருடங்கள்.

ஆகவே பெறாமகளுக்குச் சொன்னேன்: உனக்கு மார்க்ஸ் இருக்கு, சாப்பாடும் படுக்கையும் அம்மா வீட்டில் இருக்கு, ஆர்.என். ஆகத்தான் ஆசை என்றால் நேரே டிகிரிக்குப் போ. குறுக்கு வழி என்று நினைத்துச் சுற்றுப்பாதையில் போகாதே.

பி.எஸ்.டபிள்யூ. தங்கைக்குச் சொன்னது வேறு. நான்கு வருடம் குறைந்த வருமானத்தில் வீட்டுக் கடனையும் பிள்ளைகளையும் தாங்க முடியாது என்பது அவருக்கே தெரியும். முதியோரோடு வேலை செய்வது அவருக்குப் பிடித்தும் இருக்கிறது. அவருக்கு ஆர்.பி.என். ஒரு பாதி வழி இல்லை, அதுவே போய்ச் சேர வேண்டிய இடமாக இருக்கலாம். அப்புறம் மேலே படிப்பதென்றால் நேர்ஸ் சம்பளத்தோடு படிக்கலாம்.

வேறு துறையில் ஏற்கெனவே டிகிரி இருப்பவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் அப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு வருடத்தில் நேர்சிங் டிகிரி. வேகம் அதிகம், வேலை செய்துகொண்டு படிப்பது ஏறக்குறைய முடியாத காரியம்.

படி 4: பாடங்களையும் பணத்தையும் சரிபாருங்கள்

டிகிரிக்குப் பொதுவாக 12ஆம் வகுப்பு ஆங்கிலம், உயிரியல், வேதியியல் ‘யூ’ பாடமாக (பல்கலைக்கழகத்துக்கான பாடம்) வேண்டும். கணிதமும் வேண்டும், ஆனால் பல இடங்களில் 11ஆம் வகுப்புக் கணிதமே போதும். ஆர்.பி.என். டிப்ளமாவுக்கு ‘சி’ பாடங்களும் (கல்லூரிக்கான பாடங்கள்) போதும். பள்ளிக்கூடத்தை விட்டுப் பல வருடம் ஆனவர்கள் அடல்ற் ஸ்கூலில் விட்ட பாடங்களை எடுக்கலாம், அல்லது கல்லூரிகளில் உள்ள ஒரு வருட ‘பிரி ஹெல்த்’ படிப்பில் சேரலாம்.

சென்ரெனியல், ஹம்பர், ஜோர்ஜ் பிரவுண் போன்ற அரசுக் கல்லூரிகளில் டிப்ளமாக் கட்டணம் பல்கலைக்கழகத்தைவிட நன்றாகவே குறைவு. தனியார் கல்லூரி என்றால் விலையைப் பார்த்துத் திடுக்கிடுவீர்கள். காசு கட்டுவதற்கு முன், அந்தப் படிப்பை நேர்ஸஸ் கொலிஜ் அங்கீகரித்திருக்கிறதா என்று பாருங்கள். ஓசாப் என்ற அரசின் மாணவர் நிதியுதவி எல்லோருக்கும் தெரியும். ‘லேர்ன் அண்ட் ஸ்ரே’ என்ற உதவி பலருக்குத் தெரியாது. ஒன்ராறியோவின் வடக்கு, கிழக்கு, தென்மேற்கு ஊர்களில் குறிப்பிட்ட படிப்புகளில் சேர்ந்து, முடித்தபின் அங்கேயே சில காலம் வேலை செய்ய ஒப்புக்கொண்டால் கட்டணமும் புத்தகச் செலவும் அரசு தரும். ரொறன்ரோவை விட்டு நகர மனமிருப்பவர்களுக்கு நல்ல பேரம்.

படி 5: விண்ணப்பம், பிறகு பரீட்சை

கல்லூரி, பல்கலைக்கழகம் இரண்டுக்கும் விண்ணப்பத் தளங்கள் வேறு வேறு. பல்கலைக்கழகத்துக்கு ஜனவரி நடுவில் முடித்துவிடுங்கள், கல்லூரிக்கு பெப்ரவரி 1ஐ மனதில் வையுங்கள். மக்மாஸ்ரர் போன்ற சில இடங்களில் காஸ்பர் என்ற தேர்வும் கேட்பார்கள். இரண்டு பக்கமும் விண்ணப்பித்து வைப்பதில் தப்பே இல்லை.

படித்து முடித்தபின் பதிவு பெற ஒரு பரீட்சை எழுத வேண்டும்: ஆர்.பி.என்.களுக்கு ரெக்ஸ் பி.என்., 2022இலிருந்து. ஆர்.என்.களுக்கு என்கிளெக்ஸ், 2015இலிருந்து. இரண்டும் கணினியில் நடக்கும். சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வி கடினமாகும். கேள்விகள் கடினமாகிக்கொண்டே போனால் பயப்பட வேண்டாம், அது நல்ல அறிகுறி.

படி 6: கிளினிக்கல் கடதாசிகளை முன்கூட்டியே எடுங்கள்

எந்தப் படிப்பில் சேர்ந்தாலும், கிளினிக்கல் எனப்படும் வார்டுப் பயிற்சிக்கு உள்ளே விடுவதற்கு முன் பொலிஸ் சான்றிதழ், சி.பி.ஆர்., மாஸ்க் பொருத்தும் சோதனை, தடுப்பூசிப் பதிவு, காசநோய்த் தோல் சோதனை எல்லாம் கேட்பார்கள். நம் ஊரில் பிறந்தவர்கள் இடது தோளில் உள்ள பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) தழும்பைத் தடவிப் பாருங்கள். அந்த ஊசி போட்டவர்களுக்குத் தோல் சோதனை சிலவேளை வீங்கிக் காட்டும். அதற்காக நோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை, ஆனால் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக் கடிதம் கொடுக்கும்வரை வார்டுக்குள் விடமாட்டார்கள். என் கடிதம் இரண்டு கிழமை பிந்தியது. முதல் கிளினிக்கல் நாளில் எல்லோரும் உள்ளே போக, நான் புதுச் சப்பாத்தோடு கன்ரீனில் இருந்து தேத்தண்ணி குடித்தேன். பி.எஸ்.டபிள்யூ. தங்கை இந்த வாரமே குடும்ப டொக்டரிடம் போகிறார்.