பேண்டைத் தேடாதீர்கள், ஆளைத் தேடுங்கள்

இண்டி ராக், அதாவது பெரிய இசை கம்பெனிகளைச் சாராமல் சொந்தமாகப் போடும் ராக் இசை, கேட்கணும், எங்கே ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, பாட்டு ஆப்பில் 'இண்டி ராக்' என்று தட்டாதீர்கள். ஏற்கெனவே ஊரே கேட்டு முடித்ததைத்தான் அது மேலே தூக்கிப் போடும். அதற்குப் பதில் பிடித்த ஒரு பேண்டில் (இசைக்குழுவில்) யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

சென்னையின் குரங்கனையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் பாடிய ராக் பேண்ட், கபேர் வாசுகியும் தென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. பிடித்துப்போனால் அங்கேயே நிற்காமல் இருவரும் வேறு என்ன செய்திருக்கிறார்கள் என்று தேடுங்கள். வாசுகி தனியாகப் பாடியவை ஒரு பக்கம் இழுக்கும். தென்மாவின் பின்னால் போனால், பா.ரஞ்சித்தோடு சேர்ந்து அவர் தொடங்கி 2018 ஜனவரியில் முதல் மேடை ஏறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவில் போய் நிற்பீர்கள்; அங்கே கானா, ராப், ராக் மூன்றும் ஒரே மேடையில். எந்த ஆப்பும் இந்த வழியை எனக்குக் காட்டியதில்லை. ஆங்கிலம் பரவாயில்லை என்றால் அதே சென்னையில் ஸ்க்ராட், தி எஃப்16ஸ். மலையாளத்துக்கு அவியல்.

அடுத்து பேண்ட்கேம்ப், கலைஞர்கள் தங்கள் இசையை நேரடியாக ரசிகர்களுக்கு விற்கும் இணையதளம். பெரும்பாலான ஆல்பங்களை வாங்குவதற்கு முன்பே முழுசாகக் கேட்கலாம், ஊர் பெயரை டேகாகப் போட்டும் தேடலாம். ஆனால் உண்மையான புதையல் ஆல்பம் பக்கத்தில் வரிசையாக இருக்கும் குட்டிப் படங்கள்தான். அதை வாங்கியவர்கள் அவர்கள். ஒரு படத்தைத் தட்டினால் அந்த ஆள் வாங்கிய மொத்தச் சேகரிப்பும் திறக்கும், ராத்திரி தூக்கம் போச்சு. டிஜிட்டல் விற்பனையில் தளம் பொதுவாக 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. 2020 மார்ச்சில் தொடங்கிய பேண்ட்கேம்ப் ஃப்ரைடே நாட்களில் அதையும் விட்டுக்கொடுக்கிறது, அதனால் நான் வாங்குவதை அந்த வெள்ளிக்குத் தள்ளி வைப்பேன். நம்மூர் கார்டு என்றால் இன்டர்நேஷனல் டிரான்சாக்ஷனை முன்பே ஆன் செய்துவிடுங்கள்.

சரி, கேட்பது எப்படி? செலவில்லாமல் வீட்டிலேயே பதிவு செய்தவை நிறைய, குரல் கிடாருக்குள் முங்கியிருக்கும். முதல் தடவையில் பிடிக்கவில்லை என்று தூக்கிப் போடாமல், நல்ல ஹெட்ஃபோனில் பேஸ் கிடாரின் அடித்தொனியை மட்டும் பின்தொடர்ந்து இன்னொரு முறை கேளுங்கள். மூன்றாவது முறையும் ஒட்டவில்லையா, விடுங்கள், கடமைக்குக் கேட்க இதென்ன பரீட்சைப் பாடமா.

நேரில் போனால் சீக்கிரம் போங்கள், முதலில் வாசிக்கும் பெயர் தெரியாத பேண்டுக்காகவே போகலாம். காதில் ஃபோம் இயர்ப்ளக் கட்டாயம். முடிந்ததும் ஓடாதீர்கள். டி-ஷர்ட் விற்கும் மேசையில் பல நேரம் டிரம்மரே நிற்பார், இப்போது நீங்கள் யாரைக் கேட்கிறீர்கள் என்று அவரிடமே கேட்டு, சொல்லும் பெயர்களை அங்கேயே போனில் எழுதிக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வருவதற்குள் மறந்துவிடும்.