கொல்லிமலை வளைவுகளில் வீடியோவும் வரைபடமும் ஒன்றாக ஓட

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை உண்டு. பைக்கில் ஏறும்போது எடுத்த வீடியோ ஒரு பக்கம் ஓட, மறுபக்கம் வரைபடத்தில் புள்ளியும் அதே வளைவில் திரும்ப வேண்டும். எனக்கு அதில்தான் நிறைவு. இதற்கு அடிப்படை ஒரே ஓர் எண்: வீடியோ தொடங்கிய சரியான நேரம்.

ஜிபிஎஸ் பதிவை நொடிக்கு ஒரு புள்ளி என்று வையுங்கள். ஐந்து நொடிக்கு ஒன்று என்றால் வளைவின் முனை பதிவாகாமலே போய், கோடு மலைச்சரிவைக் குறுக்கே வெட்டும். கேமராவை ஓடவிட்டதும், ஜிபிஎஸ் நேரத்தை நொடியோடு காட்டும் கைபேசித் திரையைச் சில நொடிகள் அதன் முன் பிடியுங்கள். இதை நான் ஒருபோதும் விடுவதில்லை. கேமராவின் சொந்தக் கடிகாரத்தை நம்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஜிபிஎஸ் பதிவு சேமிக்கப்படும் ஜிபிஎக்ஸ் கோப்பில் நேரம் யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், இருக்கும். நம் காலை 6:42:10 அதில் 01:12:10. ஐந்தரை மணி நேரம் குறைவு. திரையில் 6:42:10 தெரியும் காட்சி வீடியோவின் 4ஆவது நொடியில் வந்தால், வீடியோவின் தொடக்கம் 01:12:06.

இரண்டையும் ஒன்றாகக் காட்டும் இணையப் பக்கத்துக்கு லீஃப்லெட் (இணையத்தில் வரைபடம் காட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) வரைபடமும் சாதாரண ஹெச்டிஎம்எல் வீடியோ டேகும் போதும். தொடக்க நேரத்தோடு வீடியோவின் கரன்ட்டைமை, அதாவது வீடியோ இப்போது நிற்கும் நொடியை, கூட்டுங்கள். அந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் உள்ள இரு பதிவுகளைத் தேடி, இடைப்பட்ட நேரத்தின் விகிதப்படி புள்ளியை அவற்றுக்கு நடுவே வையுங்கள். வீடியோ ஓடும்போது உலாவி அனுப்பும் டைம்அப்டேட் நிகழ்வை மட்டும் நம்பினால், அது பெரும்பாலும் நொடிக்கு நான்கு முறை அளவில்தான் வரும். புள்ளி தத்தித் தத்திப் போகும். ரிக்வெஸ்ட்அனிமேஷன்ஃபிரேம் என்ற உலாவிச் செயல்பாட்டின் மூலம் திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் கரன்ட்டைமைப் படித்தால் வழுக்கிக்கொண்டு போகும்.

பிறகு சரிபார்ப்பு, இங்கே பொறுமை வேண்டும். மணிக்கு 36 கி.மீ. வேகத்திலேயே நொடிக்கு 10 மீட்டர் போகிறோம். அடிவாரத்தில் ஒரு வளைவு, உச்சிக்கு அருகில் ஒரு வளைவு என்று பலகை எண்ணைப் பார்த்து இரண்டிலும் வீடியோவை நிறுத்துங்கள். இரண்டிலும் ஒரே அளவு பிந்தினால் தொடக்க நேரத்தைத் திருத்தினால் போதும். மேலே போகப் போகப் பிசகு வளர்ந்தால், முதலில் கேமரா பதிவைப் பல கோப்புகளாகப் பிரித்திருக்கிறதா, இணைக்கும்போது நடுவில் ஏதேனும் விடுபட்டதா என்று பாருங்கள். ஒரே ஒரு வளைவில் மட்டும் புள்ளி சாலையை விட்டு விலகி, அடுத்ததில் சரியாக வந்துவிட்டால் நேரத்தைத் தொடாதீர்கள். பாறைச்சுவர் செயற்கைக்கோள்களை மறைத்திருக்கும். அந்தச் சில பதிவுகளை மட்டும் கையால் சாலைக்கு நகர்த்துங்கள்.