மீன்பிடித் தடைக்காலத்தில் உணவு உதவி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இராமநாதபுரம் கடற்கரையில் கூலிக்குக் கடலுக்குப் போகிறவர்களின் குடும்பங்களுக்கு உதவ முன்வரும் இளைஞர் மன்றங்களும் ஜமாஅத்துகளும் தேவாலயப் பங்குகளும் பெரும்பாலும் முதலில் வாங்குவது அரிசி மூட்டையைத்தான். நல்ல மனத்தோடு செய்யப்படும் இந்த உதவியில் முதல் தவறும் அதுவே. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் கடைகளில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. இவ்வீடுகளில் குறைவது பருப்பும் முட்டையும் காய்கறியும்தான். ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம் பருப்பை மாதம் முழுவதற்கும் பங்கிட்டால், 5 பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 7 கிராம்கூட வராது. மூட்டைக்குச் செலவிடும் பணத்தில் பாசிப்பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை, முட்டை ஆகியவற்றை வாங்கிக் கொடுப்பதே அந்தக் குழந்தைகளுக்கு உண்மையில் உதவும்.

இதைவிடப் பெரிய தவறு, காலம் பார்க்காமல் கொடுப்பது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், அரசின் மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மண்டபத்திலும் பாம்பனிலும் இராமேசுவரத்திலும் படகுகள் கரையில் நிற்க, கூலியும் நின்றுவிடுகிறது. கோடை விடுமுறைக்காகப் பள்ளிகள் மூடப்படுவதும் இதே நாட்களில்தான். பள்ளி நாட்களில் காலை உணவுத் திட்டத்தில் பொங்கலோ உப்புமாவோ உண்டு, மதியம் சத்துணவில் முட்டையும் பெற்ற குழந்தை, தகப்பனுக்கு வருமானம் இல்லாத அதே மே மாதத்தில் இரு வேளையும் வீட்டையே நம்பி இருக்கிறது. ஒரு மீனவர் குடும்பத்துக்கு அரசு தரும் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். 61 நாட்களுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 131 ரூபாய். அதிலும் கடைப்பாக்கிக்கும் வட்டிக்கும் போனது போகத்தான் அடுப்புக்கு வரும். பண்டிகைக்குப் பண்டிகை மளிகைப் பை வழங்கும் அமைப்புகள் அதில் ஒரு பங்கையாவது மே மாதத்துக்கு ஒதுக்கி வைப்பது அவசியம் என்று உறுதியாகக் கருதுகிறேன். அப்போதும் மீனவர் பட்டியலை மட்டும் பார்த்துக் கொடுத்தால், ஐஸ் உடைப்பவரும் கூடை சுமப்பவரும் விடுபட்டுப் போவார்கள். படகு நின்றால் அவர்களுக்கும் வேலை இல்லை.

ரேஷன் அரிசியைப் பற்றிய ஒரு பயத்தையும் போக்க வேண்டியிருக்கிறது. அரிசியைக் களையும்போது மிதக்கும் சில மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி என்று எண்ணிப் பொறுக்கி எறிகிறவர்கள் பலர். அரிசி மாவுடன் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து, அரிசி போலவே வார்த்தெடுத்து, நூறு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு என்ற அளவில் கலக்கப்படும் செறிவூட்டிய அரிசி மணிகள் அவை. இரத்தசோகையைக் குறைப்பதற்காகவே சேர்க்கப்பட்ட சத்து கழுநீரோடு போய்விடுவது வேதனை தருகிறது. அரிசியை அதிக முறை களைய வேண்டாம். வடித்த கஞ்சியையும் கொட்ட வேண்டாம்.

குடிநீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் ஊர்களில் காய்கறி விதைப் பொட்டலங்களைக் கொடுத்துவிட்டு, தோட்டம் போடவில்லையே என்று குறைசொல்வதும் தவறு. மணலில் குறைந்த நீரில் தாக்குப்பிடிக்கும் முருங்கைக் கிளையை நட்டுக் கொடுத்தால் கீரையாவது கிடைக்கும்.

தடைக்காலத்திலும் நாட்டுப்படகுகள் கடலுக்குப் போகின்றன. சீலாவும் வாவலும் எட்டாத விலைக்குப் போனாலும், முள்ளோடு உண்ணத்தக்க நெத்திலியும் சாளையும் புரதத்தோடு சுண்ணாம்புச்சத்தையும் தருகின்றன. விலை குறைந்த மீன் சத்தும் குறைந்தது என்ற எண்ணம் தவறானது. கருவாட்டை மட்டுமே நம்பும் வீடுகளில், இரத்த அழுத்தம் உள்ள பெரியவர்களுக்காக அதை வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை நீர் மாற்றி அலசிய பிறகு சமைக்க வேண்டும். குழம்புக்குத் தனியாக உப்புப் போடுவதையும் குறைக்க வேண்டும்.

பை வாங்க வருகிறவர்களை வரிசையில் நிறுத்திப் படம் எடுப்பதை அறவே விட்டுவிட வேண்டும். உழைத்துச் சாப்பிட்ட பெண்கள் அந்தப் படத்துக்கு அஞ்சியே வராமல் இருந்துவிடுகிறார்கள். தெருமுனை மளிகைக் கடையில் முன்பணம் கட்டி டோக்கன் கொடுத்துவிட்டால், கடற்பாசி எடுக்கப் போன பெண்ணும் மாலையில் வந்து, தன் வீட்டுக்கு எது தேவையோ அதைத் தானே கேட்டு வாங்கிக்கொள்வாள்.