மலைச்சரிவில் கால்நடை வேலி: தவறு எங்கே தொடங்குகிறது?

சமவெளியில் வேலி போட்டுப் பழகியவர்கள் சரிவு நிலத்திலும் அதே கணக்கில் கால் நட்டு, அதே கணக்கில் கம்பி இழுத்துவிடுகிறார்கள். வேலை முடிந்த அன்று பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. ஒரு மழைக்காலம் போகட்டும். பள்ளத்தில் நட்ட கால் மண்ணைவிட்டு மேலே எழும்பியிருக்கும், மூலைக்கால் சாய்ந்திருக்கும், வேலிக்கு அடியில் கன்று நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருக்கும். ஒவ்வொன்றும் தனிக் கோளாறு போலத் தெரிந்தாலும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். இழுத்துக் கட்டிய கம்பி நேராக நிற்கத்தான் பார்க்கும். நிலமோ ஏறி இறங்கிக் கிடக்கிறது. இந்த இழுபறியை எந்தக் கால் தாங்கப் போகிறது என்று யோசிக்காமல் குழி வெட்டத் தொடங்குவதுதான் எல்லாத் தவறுக்கும் மூத்த தவறு.

பள்ளத்துக் காலைச் சாதாரணக் காலாக நினைப்பது

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். வேலி 10 டிகிரி சரிவில் இறங்கி, ஒரு பள்ளத்தைத் தொட்டு, மறுபக்கம் 10 டிகிரி ஏறுகிறது. கம்பி ஒவ்வொன்றும் 100 கிலோ இழுவையில் இருக்கிறது. அப்படியானால் பள்ளத்தில் இருக்கும் காலை ஒரு கம்பி சுமார் 35 கிலோ விசையோடு மேலே இழுக்கிறது. ஐந்து கம்பி என்றால் 170 கிலோவுக்கு மேல். இது ஒரு நாள் இழுவை இல்லை, இரவு பகலாக இழுத்துக்கொண்டே இருக்கும். அதோடு பள்ளத்தில்தான் தண்ணீர் தேங்கும், மண் ஊறும், பிடிமானம் குறையும். கால் எழும்பாமல் என்ன செய்யும்?

அதனால் பள்ளத்துக் காலுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். மற்ற கால்கள் 60 சென்டிமீட்டர் ஆழத்தில் நின்றால் இது ஒரு மீட்டராவது இறங்கட்டும். குழியின் அடிப்பாகத்தை மேலைவிட அகலமாக வெட்டிக் கான்கிரீட் போட்டால், மேலே இழுக்கும்போது மண்ணே அதை அமுக்கிப் பிடிக்கும். கான்கிரீட் வேண்டாம் என்றால் காலுக்குப் பக்கத்தில் ஆழமாகக் குழி தோண்டி, தடித்த கம்பி சுற்றிய பெரிய கல்லையோ மரக்கட்டையையோ அதில் புதைத்து, அந்தக் கம்பியைக் காலோடு முறுக்கிக் கட்டலாம். வேலையாட்கள் இதை வீண் வேலை என்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள், சரிவு வேலியில் முதலில் கைவிடும் இடம் இதுதான்.

மரக்கால் என்றால் யூ ஆணி அடிப்பதிலும் கவனம் வேண்டும். சமதரையிலும் மேட்டிலும் ஆணியின் முனை சற்றுக் கீழ்நோக்கி இறங்கலாம். பள்ளத்தில் முனை சற்று மேல்நோக்கிப் போக வேண்டும், இல்லாவிட்டால் கம்பி மேலே இழுக்க இழுக்க ஆணியும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும். ஆணியின் இரண்டு முனைகளும் மரத்தின் ஒரே நரம்பில் இறங்கினால் மரம் பிளக்கும், அதனால் ஆணியைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்து அடியுங்கள். இன்னொன்று, ஆணியைக் கம்பி நசுங்கும் அளவுக்கு அடிக்கக் கூடாது. கம்பி ஆணிக்குள் வழுக்கிப் போக இடம் இருந்தால்தான் ஒரு மாடு சாய்ந்தால் அந்த அழுத்தம் நீளமாகப் பரவும். இறுக்கி அடித்த இடத்தில் துத்தநாகப் பூச்சு உரிந்து துருவும் அங்கேதான் ஏறும்.

மேட்டின் உச்சியில் நிற்கும் காலுக்கு இந்தத் தொல்லை இல்லை. கம்பி அதைக் கீழே அமுக்குகிறது, அவ்வளவுதான்.

மூலைக்காலும் முட்டும்

2.5 மில்லிமீட்டர் உயர் இழுவிசைக் கம்பியை ஏறக்குறைய 100 கிலோ இழுவையில் கட்டுவது வழக்கம். எட்டு வரிசை என்றால் மூலைக்காலின் தலையில் 800 கிலோ ஏறிவிடும். இதைத் தனிக்கால் தாங்காது. மூலைக்காலையும், வேலிப் போக்கில் அதற்கு அடுத்த காலையும் மேல்பக்கத்தில் ஒரு குறுக்குச் சட்டத்தால் இணைத்து, ஒரு குறுக்குக் கம்பியை முறுக்கிக் கட்டுவது நல்ல முறை. இதுதான் முட்டு. இதில் அடிக்கடி நடக்கும் தவறு, குறுக்குக் கம்பியைத் தலைகீழாகக் கட்டிவிடுவது. அது மூலைக்காலின் அடியிலிருந்து இரண்டாவது காலின் உச்சிக்குப் போக வேண்டும். மாற்றிக் கட்டினால் முட்டு இருந்தும் இல்லாத மாதிரிதான். சட்டத்தின் நீளம் வேலி உயரத்தைப்போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும். குட்டையாகப் போட்டால் மூலைக்காலைத் தூக்கிவிடும்.

சமவெளியில் மூலைக்கும் கேட்டுக்கும் மட்டும் இந்த முட்டு போதும். மலையில், சரிவு சட்டென்று மாறும் இடத்திலும் ஒன்று வேண்டும். நீளமான ஒரே ஓட்டமாகக் கம்பியை இழுத்தால் அது ஒவ்வொரு மேட்டுக்காலிலும் உராய்ந்து, இழுக்கிற முனையில் விறைப்பும் தூரத்து முனையில் தொய்வுமாக நிற்கும். துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் அதன் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டுவது நல்லது. உச்சி வெயிலில் நன்றாக விறைத்த கம்பி குளிரில் இன்னும் சுருங்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

கால்கள் எல்லாம் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்க வேண்டும். சரிவைப் பார்த்துப் பார்த்துக் கண் ஏமாறும். சரியாக நிற்கும் கால் சாய்ந்தது போலத் தெரியும், சாய்ந்தது நேராகத் தெரியும். கண்ணை நம்பாமல் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். குழியை மூடும்போது மண்ணை ஒரேயடியாகத் தள்ளாமல், ஒரு சாண் உயரத்துக்குப் போட்டு இடித்துக் கெட்டித்து, அப்புறம் அடுத்த அடுக்கு. பாறையில் குழி இறங்காத இடத்தில் அரைகுறையாக நட்டுவிட்டுப் போவதைவிட, காலைச் சுற்றிக் கம்பி வலைக்கூடை அமைத்து நிறையக் கல்லை நிரப்பிவிடலாம். குழியே இல்லாமல் கல்லின் எடையிலேயே கால் நிற்கும்.

ஓரத்தில் நிற்கிற மரத்தையே காலாக்கிக் கம்பியை ஆணியடிப்பது இன்னொரு பழக்கம். மரம் பருக்கும், காற்றில் ஆடும், கம்பியை விழுங்கிவிடும். பின்னால் அந்த மரத்தை அறுப்பவருக்கும் அது ஆபத்து.

அளவும் போக்கும்

வரைபடத்தில் 100 மீட்டர் காட்டும் தூரம் 20 டிகிரி சரிவில் 106 மீட்டர் ஆகிவிடும், 30 டிகிரியில் 115 மீட்டருக்கும் மேல். நிலத்தில் நாடா பிடித்து அளக்காமல் கம்பி வாங்கினால் பாதியில் நிற்க வேண்டியதுதான்.

நடுவில் மேடு மறைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரியாவிட்டால் பலர் குத்துமதிப்பாகக் கோடு போடுகிறார்கள். தேவையே இல்லை. மேட்டின் உச்சியில் இரண்டு பேர் ஆளுக்கொரு கழியோடு சில மீட்டர் தள்ளி எதிரும் புதிருமாக நிற்கட்டும். மேற்கு முனைப் பக்கம் நிற்பவர், கிழக்கு முனைக் கழிக்கு நேராக வரும்படி கூட்டாளியை நகர்த்த வேண்டும். அடுத்து அந்தக் கூட்டாளி, மேற்கு முனைக் கழிக்கு நேராக வரும்படி இவரை நகர்த்த வேண்டும். மாறி மாறிச் செய்துகொண்டே போனால் இருவருக்கும் நகர வேண்டிய அவசியம் இல்லாத ஒரு நிலை வரும். அதுதான் நேர்கோடு. கருவி ஒன்றும் வேண்டாம், பொறுமை போதும்.

வேலி எந்த வழியாகப் போகிறது என்பதற்கு நான் மிகுந்த முக்கியத்துவம் தருவேன். கால்நடைகள் வேலியை ஒட்டித்தான் நடக்கும். உச்சியிலிருந்து அடிவாரம் வரை வேலி ஒரே செங்குத்தாக இறங்கினால் அதை ஒட்டி ஒரு தடமும் விழும், மழைநீர் அந்தத் தடத்தைப் பிடித்து ஓடும், மண் அரித்து ஓடையாகும், கால்களின் அடி வெளியே தெரியும். முடிந்தால் போக்கைத் திருப்பிவிடுங்கள். முடியாவிட்டால் தடத்துக்குக் குறுக்கே ஆங்காங்கே சாய்வாகக் கல்வரிசையோ மண்கரையோ போட்டுத் தண்ணீரைப் பக்கத்தில் தள்ளிவிடுங்கள்.

சரிவுக்குக் குறுக்கே போகும் வேலியில் சிக்கல் வேறு. வெட்டிய 60 சென்டிமீட்டர் கரைக்குக் கீழே ஒட்டி வேலி போட்டால், மேலே நிற்கும் ஆட்டுக்கு 120 சென்டிமீட்டர் வேலி 60 சென்டிமீட்டர்தான். வெள்ளாட்டுக்கு அது வேலியே இல்லை. உயரத்தை எப்போதும் மேட்டுப் பக்கத்தில் கால்நடை நிற்கும் இடத்திலிருந்து அளக்க வேண்டும், கரையிலிருந்து தள்ளி நட வேண்டும்.

வலையும் அடி இடைவெளியும்

வலைக்கம்பியில் முடிச்சைப் பார்த்து வாங்குங்கள். அசையாமல் இறுகிய முடிச்சுள்ள வலை பலமானது, ஆனால் ஏற்ற இறக்கத்துக்குச் சாய்ந்து கொடுக்காது. கீல் போல அசையும் முடிச்சுள்ள வலை நிலத்தை ஒட்டிப் போகும். சரிவு கடுமையாக மாறும் இடத்தில் எந்த வலையையும் வற்புறுத்தி வளைக்காமல், அங்கே ஒரு காலில் வெட்டி முடித்து, புதிதாகத் தொடங்கலாம். சுருளைச் சரிவில் உருட்டிவிட்டு விரிக்க நினைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். கை நழுவினால் கீழே நிற்பவர் மேல்தான் போய் மோதும்.

சின்னப் பள்ளங்களில் வேலியைக் கீழே இழுத்துக் கட்டுவதைவிட, வேலியை நேராக மேலே போகவிட்டு, அடியில் விழும் இடைவெளியைத் தனியாக ஒரு வலைத்துண்டோ கல்லோ வைத்து அடைப்பது சுலபம். ஓடையிலும் அடைப்பைத் தனியாகத்தான் வைக்க வேண்டும். முதன்மை வேலியை இரு கரையிலும் முட்டுக்காலோடு முடித்துவிட வேண்டும். நடுவில் தனிக்கம்பியில் தொங்கும் ஒரு தடுப்பு, வெள்ளம் வந்தால் தூக்கிக் கொடுக்கும்படியோ அறுந்து போகும்படியோ இருக்கட்டும். வேலியை அப்படியே ஓடைக்குள் கொண்டுபோனால் வெள்ளத்தில் வரும் கிளையும் சருகும் அடைத்து, ஓடையில் உள்ள கம்பியோடு இரு கரைக் கால்களையும் சேர்த்து இழுத்துப் போகும்.

கேட்டைச் சமதரையாகப் பார்த்து வையுங்கள். மேட்டுப் பக்கம் திறக்கும் கேட் பாதியில் தரையில் இடிக்கும். அடிவாரத்தில் வைத்தால் மழையில் மந்தை முழுக்க அங்கே சேறு மிதித்து நிற்கும்.

மின்வேலி போடுவதானால்

மேட்டு நிலத்தில் மின்வேலி வேலை செய்யவில்லை என்றால் முதலில் எர்த்தைச் சந்தேகப்படுங்கள். விலங்கின் உடல் வழியாகத் தரைக்கு இறங்கிய மின்துடிப்பு மண் வழியாகத்தான் துடிப்பைத் தரும் கருவிக்குத் திரும்ப வேண்டும். காய்ந்த பாறை மண் அதை விடாது. ஏறக்குறைய 2 மீட்டர் நீளமுள்ள எர்த் கம்பிகள் குறைந்தது மூன்றை, 3 மீட்டர் இடைவெளியில், நிலத்திலேயே ஈரம் அதிகம் உள்ள இடமாகப் பார்த்து இறக்க வேண்டும். அப்படியும் போதாத காய்ந்த சரிவில், வேலியிலேயே ஒரு கம்பி மின்துடிப்புக்கும் அடுத்த கம்பி எர்த்துக்குமாக மாற்றி மாற்றி விட்டால், விலங்கு இரண்டையும் ஒருசேரத் தொடும்போது அதிர்ச்சி கிடைக்கும். அளவியை வைத்துக் கடைசி முனையில் பாருங்கள், கருவிக்குப் பக்கத்தில் இல்லை. கடைசி முனையில் 3000 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மந்தை அதை மதிக்காது. ரோமம் அடர்ந்த செம்மறிக்கு இன்னும் கூடுதலாக வேண்டும்.

முள்கம்பியில் மின்சாரம் விடக் கூடாது. சிக்கிக்கொண்ட உயிர் விலக முடியாமல் திரும்பத் திரும்ப அடி வாங்கும். வீட்டு மின்சாரத்தை நேராக வேலியில் கொடுப்பது கொலைக்குச் சமம். அதற்கென்று செய்த துடிப்புக் கருவி இல்லாமல் மின்வேலியைத் தொடவே வேண்டாம். ஒரே வேலியில் இரண்டு கருவிகளை இணைப்பதும் தவறு, துடிப்புகளுக்கு இடையே கிடைக்கும் இடைவெளி குறைந்து, பிடித்த கையை எடுக்க நேரம் கிடைக்காது. முகட்டில் ஓடும் வேலிக்கு இடிதாங்கியும் வைத்துவிடுங்கள்.

எந்த வேலியாக இருந்தாலும் முதல் பெருமழைக்கு மறுநாள் முழு நீளமும் நடந்து பாருங்கள். பள்ளத்துக் கால்களின் அடியில் புது மண் வெடிப்பு தெரிந்தால் கால் எழும்பத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போதே அந்த இடத்தில் கம்பியைத் தளர்த்தி, கல்லைப் புதைத்துக் கட்டி, மறுபடி இழுத்துவிட்டால் ஒரு காலோடு வேலை முடிந்துவிடும்.