புற்றுநோயும் புரத நொதியங்களும்: நாம் குழப்பிக்கொள்ளும் இடங்கள்

மட்டக்களப்புப் பக்கம் ஒருவருக்குக் குடல் புற்றுநோய் என்று தெரிந்ததும் முதலில் மாறுவது சமையல்தான். "புரதம் கட்டியை வளர்க்குமாம்" என்று யாராவது சொல்ல, வாவி மீனும் முட்டையும் நின்றுவிடும், நோயாளிக்குக் கஞ்சி மட்டும்தான். இதைத்தான் மிக மோசமான தவறு என்பேன். மெலிந்துபோன உடம்பு சத்திரசிகிச்சையையும் மருந்தையும் தாங்கச் சிரமப்படும். வைத்தியர் தடுக்காதவரை மீனைக் கொடுங்கள்.

புரதத்தைக் கட்டுப்படுத்தும் நொதியங்கள் என்று ஆராய்ச்சியாளர் பேசுவது சோற்றுக் கோப்பையில் உள்ள புரதத்தைப் பற்றி அல்ல, கலத்துக்குள் இருக்கும் புரதங்களைப் பற்றி. வேலை முடிந்த புரதத்தின் மேல் லைகேஸ் என்ற நொதியம் யுபிகுயிட்டின் என்னும் சின்னப் புரதத்தை ஒட்டிவிடும். அப்படி ஒட்டியதைக் கலத்தின் குப்பை அரைக்கும் இயந்திரமான புரோட்டியசோம் நறுக்கிவிடும். ஒட்டியதைக் கழற்றிப் புரதத்தைக் காப்பாற்றும் நொதியங்களும் உண்டு. இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்த மூவருக்கு 2004இல் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது.

பெருங்குடலில் பீட்டா-கட்டெனின் என்ற புரதம் கலத்தைப் பிரியச் சொல்லும். ஏபிசி என்ற புரதம் அதைப் பிடித்துக் கொடுக்க உதவினால்தான் லைகேஸ் யுபிகுயிட்டின் அடையாளத்தை ஒட்டும். பெரும்பாலான பெருங்குடல் புற்றுநோய்களில் ஏபிசியின் மரபணு பழுதாகியிருக்கும். நொதியம் நன்றாக இருந்தும் ஆளைப் பிடித்துக் கொடுக்க ஆளில்லை. பீட்டா-கட்டெனின் குவிகிறது, கலம் பிரிந்துகொண்டே போகிறது. ஆகவே "நொதியம் கெட்டதால் புற்றுநோய்" என்று ஒரே வரியில் முடிப்பதும் தவறுதான்.

சரி, புற்றைக் கரைக்கும் என்று சிலர் சொல்லும் நொதியக் குளிசையும் பப்பாசியும்? அவை குடலில் உணவைச் செரிக்க உதவுபவை, கலத்துக்குள் போய் லைகேஸ் வேலை பார்க்காது. ஆனால் கணையத்தில் சத்திரசிகிச்சை செய்தவருக்கு வைத்தியர் நொதியக் குளிசை எழுதினால், புற்று வளரும் என்று பயந்து நிறுத்தக்கூடாது. அது சாப்பாடு செரிப்பதற்கானது.

"புரோட்டியசோமை அடைக்கும் மருந்து வந்துவிட்டது" என்ற செய்தியையும் அப்படியே நம்பவேண்டாம். அந்த மருந்தான போர்டெசோமிப் 2003இல் அனுமதி பெற்றது மயிலோமா என்ற இரத்தப் புற்றுநோய்க்கு. குடல் புற்றுநோயில் அது எதிர்பார்த்த பலன் தரவில்லை.

ஏபிசி பழுதாகும் இடத்தில் முதலில் வருவது ஒரு சிறு முளை. அது புற்றாக மாறப் பல ஆண்டுகள் எடுக்கும், அதற்குள் கமெராக் குழாயால் வெட்டி எடுத்துவிடலாம். மலத்தில் இரத்தம் கண்டால் மூலம் என்று நினைத்து மாதக்கணக்கில் கை வைத்தியம் பார்க்காமல் கிளினிக்குக்குப் போங்கள்.