கேமராவை எடுக்கவிடாமல் செய்தது மெமரி கார்டு

மூன்று வாரங்களாகக் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வரை போவேன். செருப்பு போடுவதற்குள் திரும்பிவிடுவேன். ஒரு நாள் வெளிச்சம் சரியில்லை, மறுநாள் நேரமாகிவிட்டது.

முதலில் லென்ஸ் மீது பழி போட்டேன். இரவல் வாங்கிய 85 மி.மீ. லென்ஸ் இரண்டு நாள் உற்சாகம் தந்தது, அவ்வளவுதான். பிறகு தினம் ஒரு படம் என்று சபதம். ஐந்தாம் நாள் மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளையை எடுத்துக் கணக்கை முடித்தேன். அதிகாலை அலாரமும் உதவவில்லை.

காரணம் தற்செயலாகத்தான் கண்ணில் பட்டது. கேமராவை இயக்கியதும் இன்னும் எத்தனை படங்களுக்கு இடமிருக்கிறது என்று காட்டும் மூலையில் 41 என்றிருந்தது. ஐந்து மாதப் படங்கள், 1,900க்கு மேல், தேறியது எது, தேறாதது எது என்று பிரிக்காமல் கார்டிலேயே கிடந்தன. வெளியே போகச் சோம்பல் இல்லை. திரும்பி வந்தபின் காத்திருக்கும் அந்தக் குவியல்மீதுதான் மலைப்பு.

அன்று மாலையே எல்லாவற்றையும் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் நகலெடுத்து, படங்கள் திறக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, கேமராவிலேயே கார்டை ஃபார்மேட் செய்து காலியாக்கினேன். பழையவற்றைப் பிரிக்க உட்காரவில்லை. இது முக்கியம், உட்கார்ந்திருந்தால் இன்னொரு வாரம் போயிருக்கும். ஒரு நடைக்கு 36 படங்கள் மட்டும் என்று வரம்பு வைத்தேன், 35 மி.மீ. ஃபிலிம் சுருளில் இருப்பதுபோல. எடுத்ததும் திரையில் படம் தோன்றும் வசதியையும் அணைத்துவிட்டேன். வீடு திரும்பியதும் 36ஐப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். தேறியதை நகலெடுத்து, கார்டைக் காலி செய்த பிறகே கேமராவை வைக்கிறேன்.

மறுநாள் காலை, ஈரச் சுவரில் நத்தை விட்டுப்போன தடம் சாய்வெயிலில் மின்னியது. அதற்கே 9 படங்கள் செலவாயின. பதினொரு நாளாக ஒரு நாளும் விடவில்லை.