மொலாசஸிலிருந்து எத்தனால்: குடுவையை எடைபோட்டே அளக்கலாம்

இது கல்லூரி ஆய்வகத்துக்கான செய்முறை. துறையின் அனுமதியோடு மட்டும் செய்யுங்கள். தமிழ்நாட்டில் வீட்டில் ஊறல் போடுவது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.

1. கரும்பு மொலாசஸ் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கருநிறப் பாகு) 125 கிராம், டிஏபி (டைஅம்மோனியம் பாஸ்பேட்) 0.5 கிராம். இரண்டையும் 350 மி.லி. தண்ணீரில் கரையுங்கள். மொலாசஸில் சர்க்கரை ஏராளம், ஈஸ்டுக்கு வேண்டிய நைட்ரஜனும் பாஸ்பரஸும் குறைவு. டிஏபியை விட்டுவிட்டால் நொதித்தல் இழுத்துக்கொண்டே போகும்.

2. நீர்த்த கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச் 4.5க்குக் கொண்டுவாருங்கள். பாக்டீரியா தலைதூக்காது. பிஎச் தாள் இங்கே உதவாது, மொலாசஸின் கருநிறம் தாளின் நிறத்தை மறைத்துவிடும். மீட்டர்தான் வேண்டும்.

3. பத்து நிமிடம் கொதிக்கவைத்து, 32 டிகிரிக்கு ஆறவிடுங்கள். அடியில் தங்கும் வண்டல் பெரும்பாலும் கால்சியம் சல்பேட். தெளிவை மட்டும் 1 லிட்டர் கூம்புக் குடுவைக்கு மாற்றுங்கள். சிறிய குடுவை என்றால் நுரை பொங்கி வழியும்.

4. பேக்கரி உலர் ஈஸ்ட் 1.5 கிராமை 50 மி.லி. வெதுவெதுப்பான நீரில் (35–38 டிகிரி) கால் மணி நேரம் ஊறவைத்துச் சேருங்கள். மொத்தம் 500 மி.லி. ஆகும்வரை தண்ணீர் விட்டு, நன்றாகக் குலுக்கி, ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு) பொருத்துங்கள்.

5. உடனே ஏர்லாக்கோடு எடைபோட்டுக் குறியுங்கள். இந்தத் தொடக்க எடை இல்லாவிட்டால் பிறகு எந்தக் கணக்கும் போட முடியாது. 30–32 டிகிரியில் 48 முதல் 72 மணி நேரம் வையுங்கள்.

பலர் தடுமாறுவது முடிவை அளக்கும்போதுதான். பிரிக்ஸ் (கரைசலில் சர்க்கரையின் அளவைக் காட்டும் எண்) பூஜ்யத்துக்கு இறங்கவில்லையே என்று மேலும் ஈஸ்ட் கொட்டுவார்கள். மொலாசஸின் உப்புகளும் நொதிக்காத பிற பொருள்களும் கடைசிவரை கரைசலிலேயே இருக்கும், அதனால் பிரிக்ஸ் பூஜ்யமாகவே ஆகாது. போதாக்குறைக்கு, ஆல்கஹால் கலந்த பிறகு பிரிக்ஸை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கூடுதலாகக் காட்டும். எனக்குத் தராசின் மேல்தான் நம்பிக்கை, 0.1 கிராம் துல்லியம் போதும்.

180 கிராம் குளுக்கோஸ் உடைந்தால் 92 கிராம் எத்தனால், 88 கிராம் கார்பன் டை ஆக்ஸைடு. வாயு வெளியேறிவிடும், எடை குறையும். குறைந்த எடையை 1.045ஆல் பெருக்கினால் எத்தனாலின் எடை. 25 கிராம் குறைந்தால் சுமார் 26 கிராம் எத்தனால். அதாவது கிட்டத்தட்ட 33 மி.லி. எடைபோடும் முன் குடுவையை மெதுவாகச் சுழற்றுங்கள், கரைந்திருக்கும் வாயு வெளியேறட்டும். வேகமாகக் குலுக்கினால் நுரை ஏர்லாக் வழியே வந்து கணக்கே கெடும். 12 மணி நேரமாக எடை மாறவில்லை என்றால் நொதித்தல் முடிந்தது.

பிற்சேர்க்கை: மூன்று நாளில் 10 கிராம்கூடக் குறையாதவர்கள் முதலில் அறை வெப்பத்தைப் பாருங்கள். மே மாதத்தில் 37 டிகிரியைத் தாண்டினால் பேக்கரி ஈஸ்ட் சோர்ந்துவிடும். குடுவையைத் தண்ணீர்த் தொட்டியில் வையுங்கள். கரும்புச் சக்கையை அமிலத்தில் வேகவைத்த சாற்றுக்கு இந்த முறை சரிவராது. அதிலுள்ள சைலோஸ் என்ற சர்க்கரையை இந்த ஈஸ்ட் தொடாது. அதற்கு ஷெஃபர்சோமைசிஸ் ஸ்டிபிடிஸ் போன்ற வேறு ஈஸ்ட் வேண்டும்.